ஆர்த்தோட்டிஸ்ட் வேலை: மும்பை ரீஹாப் ஆஸ்பத்திரில அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் மும்பைல மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு ஆஸ்பத்திரில ஆர்த்தோட்டிஸ்ட்டா வேலை பாக்குறேன். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் சீட்டா கேம்ப், முலுண்ட், டோம்பிவிலின்னு எல்லா பக்கத்துல இருந்தும் நம்ம ஆளுங்க வர்றாங்க. ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களும் போன் போட்டு கேக்குறாங்க, ப்ளஸ் டூ முடிச்ச பசங்களும் கேக்குறாங்க. கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஆர்த்தோட்டிஸ்ட்னா எலும்பு டாக்டரா?

இல்லை. எலும்பு டாக்டர் ஆபரேஷன் பண்றவர். பிசியோ எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிறவங்க. நாங்க கை, கால், முதுகு இதுக்கெல்லாம் வெளியில இருந்து சப்போர்ட் குடுக்கிற சாதனத்தை அளவெடுத்து, டிசைன் பண்ணி, செஞ்சு, மாட்டி, சரியா இருக்கான்னு பாக்குறவங்க. மக்கள் மொத்தமா "கேலிப்பர்"னு சொல்லிடுவாங்க. நாங்க அது எங்கிருந்து எங்க வரைக்கும் புடிக்குதுன்னு பாத்து பேர் வைப்போம். கணுக்காலையும் பாதத்தையும் மட்டும் புடிச்சா ஏஎஃப்ஓ, முட்டியும் சேந்தா கேஏஎஃப்ஓ, இடுப்பு வரைக்கும் போனா எச்கேஏஎஃப்ஓ, முதுகுக்கு டிஎல்எஸ்ஓ. சீட்டுல டாக்டர் இப்படித்தான் எழுதுவார், பாத்து பயப்பட வேணாம்.

செயற்கைக் காலும் நீங்கதான் பண்ணுவீங்களா?

அது ப்ராஸ்தெட்டிக்ஸ். இல்லாத உறுப்புக்குப் பதிலா வைக்கிறது. 1968ல ஜெய்ப்பூர்ல டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேந்து உருவாக்கின ஜெய்ப்பூர் கால் எல்லாருக்கும் தெரியும், அது அந்தப் பக்கம். இந்தியால டிகிரில ரெண்டையும் சேத்துதான் சொல்லித் தர்றாங்க, அதனால படிச்சவங்க ரெண்டும் பண்ணலாம். நான் பாக்குறது பெரும்பாலும் ஆர்த்தோட்டிக்ஸ், அதாவது உறுப்பு இருக்கு ஆனா பலம் இல்லை, இல்லைன்னா கோணி இருக்கு, இல்லைன்னா உணர்ச்சி இல்லை.

ஒரு ஏஎஃப்ஓ எப்படி செய்றீங்க? ஏன் உடனே கையில குடுக்க மாட்டேங்குறீங்க?

ரெண்டு மணி நேரம் லோக்கல் டிரெய்ன்ல நின்னு வந்தவங்க கேக்குற கேள்வி இது, நியாயமான கேள்விதான், அதனால விவரமா சொல்றேன்.

முதல்ல அசெஸ்மென்ட். தசைக்கு எவ்வளவு பலம்னு ஜீரோல இருந்து அஞ்சு வரைக்கும் கிரேடு போடுவோம், கணுக்கால் எவ்வளவு மேல வருது, இறுகிப் போயிருக்கா, தொட்டா தெரியுதா, நடக்கும்போது எந்த இடத்துல கால் தட்டுது, எல்லாம் பாக்கணும். அப்புறம் காலுக்கு ஒரு துணி சாக்ஸ் மாதிரி மாட்டி, எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற இடத்தை எல்லாம் அழியாத பென்சில்ல குறிப்போம். முன்பக்கம் ஒரு ரப்பர் டியூப் வச்சு, அது மேல நனைச்ச பிஓபி (மாவுக்கட்டுக்குப் போடுற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பேண்டேஜை சுத்துவோம். அது இறுகுற வரைக்கும் காலை சரியான கோணத்துல கையால புடிச்சுக்கிட்டே இருக்கணும், இந்த சில நிமிஷம்தான் முழு சாதனத்தோட தலையெழுத்து. குதிகால் கொஞ்சம் சாஞ்சு அச்சுல விழுந்துட்டா அப்புறம் தலைகீழா நின்னாலும் அந்த ஏஎஃப்ஓ சரியா வராது. இறுகினதும் டியூப் இருக்கிற கோட்டுல வெட்டிக் கழட்டுவோம், டியூப் எதுக்குன்னா பிளேடு தோல்ல படாம இருக்கத்தான்.

கழட்டின அச்சுக்குள்ள பிஓபியை இட்லி மாவு பதத்துல கரைச்சு ஊத்தி, நடுவுல ஒரு பைப்பை நட்டா காலோட நகல் வந்திடும். பென்சில் குறியும் அதுல இறங்கி வந்திருக்கும். இப்பதான் மெயின் வேலை. கணுக்கால் எலும்பு, முட்டிக்குக் கீழ வெளிப்பக்கம் இருக்கிற சின்ன எலும்பு முனை, சுண்டு விரலுக்குப் பின்னாடி இருக்கிற மேடு, இங்கெல்லாம் பிஓபி சேத்து மேடாக்குவோம், அப்பதான் பிளாஸ்டிக் அங்க அழுத்தாது. முட்டிக்குக் கீழ அந்த எலும்பைச் சுத்தித்தான் பாதத்தைத் தூக்குற நரம்பு ஓடுது, அதை அழுத்தினா பாதம் தூக்குற சக்தியே போயிடும், நாம எதுக்காக ஏஎஃப்ஓ போடுறோமோ அதே பிரச்சனையை நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும். சதைப் பத்தா இருக்கிற இடத்துல சுரண்டி இறுக்குவோம். எங்க எவ்வளவுன்னு கைக்குப் பழகணும், புத்தகத்துல மில்லிமீட்டர் போட்டிருக்கும் ஆனா ஒவ்வொரு காலும் ஒரு மாதிரி.

அப்புறம் பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை ஓவன்ல கிட்டத்தட்ட 200 டிகிரில வைப்போம். வெள்ளையா இருந்த ஷீட் சூடு ஏறி தெளிஞ்சு மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கும், அந்த நேரத்துல எடுத்து ரெண்டு பேரு கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு அச்சு மேல போத்தி, முன்பக்கம் ஓரத்தை ஒட்டி, வேக்கம் போடணும், ஷீட் அப்படியே அச்சோட உறிஞ்சிக்கிட்டு போய் ஒட்டும். அதை ராத்திரி முழுக்க ஆற விடணும். சூடு ஆறுறதுக்குள்ள அவசரப்பட்டு கழட்டினா பிளாஸ்டிக் முறுக்கிக்கும். மறுநாள் வெட்டி, ஓரம் தேச்சு, வெல்க்ரோ பட்டை வச்சு, டிரையல் பாத்து, நடக்க வச்சு, திரும்ப கழட்டி, எங்க சிவந்திருக்குன்னு பாத்து, அங்க ஹீட் கன்ல சூடு காட்டி தள்ளிவிட்டு, திரும்ப மாட்டி... இதுக்குத்தான் டைம் ஆகுது. கூட்டம் அதிகமா இருக்கிற ஆஸ்பத்திரில வரிசைக்கும் நாள் ஆகும், அதையும் மறைக்க ஒண்ணும் இல்லை.

இதுல பாதி வேலை டெக்னீஷியன்களோடது, தோல் வேலை பாக்குறவங்களோடது. அவங்க பேரு எந்த ரிப்போர்ட்லயும் வராது. தாராவிக்கு திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து தோல் தொழில்ல இருந்த குடும்பங்க எத்தனையோ இருக்கு, தோல் பதமும் தையலும் கைப்பழக்கமா வந்தவங்க. ஒரு பட்டை தைக்கிறதுல உள்பக்கத் தையல் தோல்ல உரசாம மடிச்சுத் தைக்கிறதை அந்த மாதிரி ஒருத்தர்கிட்டதான் நான் கத்துக்கிட்டேன்.

போலியோதான் ஒழிஞ்சு போச்சே, இப்போ யாருக்கு கேலிப்பர்?

இந்தியால கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்துல ஹவுரா. 2014 மார்ச் 27ல போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழும் வந்தாச்சு. வைரஸ் போச்சு, அந்த வைரஸ் வந்தவங்க போகலையே. இப்போ நாப்பது, அம்பது வயசுல இருக்காங்க, வேலைக்குப் போறாங்க, குடும்பம் நடத்துறாங்க. பல வருஷம் நல்லா இருந்துட்டு புதுசா தசை பலவீனமும் அசதியும் வலியும் வர்ற போஸ்ட் போலியோ பிரச்சனை அவங்க கொஞ்ச பேருக்கு வருது, நேத்து வரைக்கும் கேலிப்பர் இல்லாமலே தொடையில கையை ஊணி நடந்தவங்களுக்கு இப்போ தேவைப்படுது. வயசாகுதுன்னு விட்டுடாம காட்டுங்க.

பழைய இரும்பு, தோல் கேலிப்பர் போடுற ஒருத்தரைப் பாத்தீங்கன்னா பேன்ட்டுல முட்டிக்கிட்ட ரெண்டு பக்கமும் துணி நைஞ்சு ஓட்டையா இருக்கும், உள்ள முட்டியை மடங்காம பூட்டி வைக்கிற டிராப் லாக் உரசி உரசி ஆனது. ஷூவோட குதி ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும். நாங்க ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்போம், எவ்வளவு நடக்குறாரு, எந்தப் பக்கம் சாஞ்சு நடக்குறாருன்னு அதுவே சொல்லிடும். அவர்கிட்ட போய் "இதைத் தூக்கிப் போடுங்க, லைட்டா பிளாஸ்டிக்ல தர்றேன்"னு சொன்னா நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, அது அவங்க பிடிவாதம் இல்லை. சின்ன வயசுல இருந்து அந்த வெயிட்டை வீசித்தான் காலை முன்னாடி கொண்டு வர்றாங்க, உடம்பு அதுக்குப் பழகியிருக்கு. மாத்தணும்னா கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும், பழசையும் கையில வச்சுக்க விடணும். இதுல என் கருத்து ரொம்ப கெட்டி: நல்லா நடந்துக்கிட்டு இருக்கிற மனுசனோட கேலிப்பரை ஃபேஷனுக்காக மாத்தக் கூடாது.

மத்தபடி வர்றவங்க ஸ்ட்ரோக், செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராதது) இருக்கிற குழந்தைங்க, முதுகுத் தண்டு அடிபட்டவங்க, பிறவிலயே கால் கோணினவங்க, தசைச் சிதைவு, சுகர் புண், தொழுநோய் வந்து குணமானவங்க, கட்டடத்துல இருந்து விழுந்தவங்க, ரயில்ல அடிபட்டவங்க. மும்பைல கடைசி ரெண்டும் நிறைய.

குழந்தைக்கு கிளப்ஃபுட் (பிறவிலயே பாதம் உள்பக்கமா கோணினது), மாவுக்கட்டு போட்டு கால் நேராயிடுச்சு. இன்னும் எதுக்கு கம்பி வச்ச ஷூ?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது பெத்தவங்க முழுசா படிக்கணும்.

பொன்செட்டி முறைல வாராவாரம் கட்டு மாத்தி, பெரும்பாலும் குதிகாலுக்குப் பின்னாடி இருக்கிற தசைநாண்ல ஒரு சின்ன வெட்டு வச்சு, காலை நேராக்குவாங்க. கால் நேரானதும் வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடுறாங்க. முடியலை. கோணலை உண்டாக்கின அந்த இழுப்பு குழந்தை வளர வளர திரும்ப இழுக்கும். அதனாலதான் ரெண்டு ஷூவை ஒரு கம்பில இணைச்ச பிரேஸ், முதல் 3 மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிக்க மட்டும் கழட்டலாம். அப்புறம் ராத்திரியும் பகல் தூக்கத்துக்கும், 4 வயசு வரைக்கும். கோணின கால் வெளிப்பக்கமா 70 டிகிரி திரும்பியிருக்கும், நல்ல கால் 40 டிகிரி, பாக்க விசித்திரமா இருக்கும், குழந்தைக்கு வலிக்காது.

கால் திரும்ப கோணிப் போய் வர்ற குழந்தைங்கள்ல பெரும்பாலும் காரணம் பிரேஸ் போடாததுதான். ஏன் போடலைன்னு கேட்டா "அழுவுறான்"னு சொல்லுவாங்க, இல்லைன்னா "பாட்டி பாவம்னு கழட்டிட்டாங்க". முதல் ரெண்டு மூணு நாள் அழும், உண்மை, ஏன்னா ரெண்டு காலையும் தனித்தனியா உதைக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியலை. நீங்க கம்பியைப் புடிச்சு ரெண்டு காலையும் சேத்து மடக்கி நீட்டி விளையாட்டு காட்டுங்க, கத்துக்கும். குதிகால் ஷூக்குள்ள அடியில உக்காந்திருக்கான்னு பின்னாடி இருக்கிற ஓட்டை வழியா பாருங்க. நடு பட்டையை முதல்ல இறுக்குங்க. சாக்ஸ்ல மடிப்பு இல்லாம பாத்துக்கோங்க. கொப்புளம் வந்தா கழட்டி வீட்ல வச்சுக்காம மறுநாளே கொண்டு வாங்க, ஷூ சைஸ் மாத்தணுமா பட்டை தளர்ந்து வழுக்குதான்னு நாங்க பாக்குறோம். ஊருக்கு திருவிழாவுக்குப் போறீங்கன்னா பையில முதல்ல அதை எடுத்து வைங்க, தயவுசெஞ்சு.

செரிப்ரல் பால்சி குழந்தைக்கு ஏஎஃப்ஓ போட்டா தசை இன்னும் வீக் ஆகுமா? எப்போ கழட்டலாம்?

ஏஎஃப்ஓ நோயைக் குணமாக்காது, இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா ஒரு வருஷம் போட்டா சரியாயிடும்னு யாரோ சொல்லி நம்பிக்கிட்டு வர்றவங்க நிறைய. பாதம் தரையில படிய நிக்கிறதுக்கு, கெண்டைக்கால் சதை சுருங்கிப் போறதை தள்ளிப் போடுறதுக்கு, முட்டி பின்னாடி வளையறதையோ மடங்கி உக்காந்து போறதையோ கட்டுப்படுத்துறதுக்கு அது உதவும். பிசியோ இல்லாம இது மட்டும் போதாது. கழட்டி, நீட்டி, விளையாட விடுற நேரமும் வேணும், எவ்வளவு நேரம்னு உங்க பிசியோவும் நாங்களும் பேசி முடிவு பண்ணுவோம். குழந்தை வளரும், அதனால ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள சின்னதாயிடும், விரல் வெளிய தொங்க ஆரம்பிச்சா அளவு மாத்துற நேரம் வந்தாச்சு. அண்ணனோட ஏஎஃப்ஓவை தம்பிக்குப் போடாதீங்க.

எல்லா குழந்தைக்கும் நடைதான் இலக்குன்னு இல்லை. நல்லா உக்காரணும், கையால சாப்பிடணும், இடுப்பு நழுவாம இருக்கணும், சில குழந்தைகளுக்கு அதுவே பெரிய விஷயம். "எப்போ நடப்பான்"னு அம்மாங்க கேக்கும்போது பொய்யா ஒரு தேதி சொல்லக் கூடாதுன்னு நான் உறுதியா இருக்கேன், அதே சமயம் இன்னைக்கு என்ன பண்ண முடியும்னு கண்டிப்பா சொல்லி அனுப்புவேன்.

ஸ்ட்ரோக் வந்து பாதம் தொங்குது. வீட்ல செருப்பு போட மாட்டோம், அப்போ என்ன பண்றது?

இதுதான் நம்ம ஊர் ஆர்த்தோட்டிக்ஸ். ஏஎஃப்ஓவைப் பத்தின புத்தகம் எல்லாம் நாள் முழுக்க வீட்டுக்குள்ளயும் ஷூ போடுற ஊர்ல எழுதினது. நாம வாசல்ல செருப்பை விட்டுட்டுதான் உள்ள வருவோம், தரையில உக்காந்து சாப்பிடுவோம், இந்தியன் டாய்லெட்ல குத்துக்கால் போடுவோம், சாமி ரூம் இருக்கும்.

தாராவில இருந்து ஒரு அண்ணாச்சி வந்தாரு, இட்லி வியாபாரம், காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு பக்கத்துல தாழ்வான பலகையில உக்காரணும், வீடு மாடில, ஏணி மாதிரி செங்குத்தான இரும்புப் படி. அவருக்கு முன்னாடியே ஒரு ஏஎஃப்ஓ இருந்துச்சு, கெட்டியான பிளாஸ்டிக், கணுக்கால் அசையவே அசையாது, போட்டுக்கிட்டு பலகையில உக்கார முடியலை, படியில இறங்க முடியலை, அதனால பீரோ மேல போய்ச் சேந்திருச்சு. அவருக்கு பாதம் தொங்குறது மட்டும்தான் பிரச்சனை, இறுக்கம் பெருசா இல்லை. கணுக்காலுக்குப் பின்னாடி ஓரத்தை நல்லா வெட்டி எடுத்து, வளைஞ்சு திரும்ப நிமிர்ற மாதிரி மெல்லிசா ஒண்ணு செஞ்சோம், அடியில வழுக்காத ரப்பர் ஷீட் ஒட்டினோம், வீட்டுக்குள்ள அதை மட்டும் போட்டு நடக்கலாம். வெளிய போக பின்பட்டை வச்ச செருப்பு ஒரு சைஸ் பெருசா. "தம்பி, இப்போ அடுப்புகிட்ட உக்கார முடியுது"ன்னாரு. டைல்ஸ் தரையில வெறும் பிளாஸ்டிக்கோட நடந்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிடும், அந்த ரப்பர் இல்லாம நான் யாரையும் அனுப்புறதில்லை.

அதனால நீங்க வரும்போது வீடு எப்படி, எத்தனை படி, என்ன வேலை, எந்த டாய்லெட், எந்த டிரெய்ன், எல்லாத்தையும் சொல்லுங்க. டாக்டர் கேக்கலைன்னாலும் நாங்க கேக்கணும், நாங்க கேக்கலைன்னா நீங்களா சொல்லுங்க. கால் அளவு கரெக்டா இருந்தும் வாழ்க்கைக்கு ஒத்து வரலைன்னா அந்த சாதனத்தை யாரும் போட மாட்டாங்க, போடாத சாதனத்துக்கு நாங்க பட்ட பாடெல்லாம் வீண்.

போட்டா சிவந்து போகுது. பரவாயில்லையா?

முதல் நாளே நாள் முழுக்க போடாதீங்க. ஒரு மணி நேரம், கழட்டிப் பாருங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு ரெண்டு வாரத்துல கூட்டுங்க. கழட்டினதும் சிவப்பு இருக்கும், அரை மணி நேரத்துல மறைஞ்சா சரி. மறையலைன்னா, கொப்புளம் வந்தா, தோல் உரிஞ்சா, கழட்டி வச்சுட்டு எங்ககிட்ட வாங்க. நீங்களே பிளேடு வச்சு செத்துறது, பஞ்சு அடைக்கிறது வேணாம், பஞ்சு வச்சா அந்த இடத்துல இன்னும் அழுத்தம்தான் கூடும்.

உணர்ச்சி இல்லாதவங்க, அதாவது சுகர் முத்தினவங்க, முதுகுத் தண்டு பிரச்சனை இருக்கிறவங்க, தொழுநோய் வந்தவங்க, இவங்களுக்கு வலின்னு ஒரு காவல்காரன் இல்லை. வேலூர் சிஎம்சில டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னது இதுதான், விரலும் பாதமும் தேயறது கிருமி தின்னு இல்லை, வலி தெரியாம திரும்பத் திரும்ப அடிபட்டுதான். அதனால தினமும் ராத்திரி கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க, கண்ணு சரியா தெரியலைன்னா வீட்ல யாராவது பாக்கணும். அவங்களுக்கான எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்போட உள் ஷீட் மெத்துன்னு இருக்கும், அமுங்கி தட்டையாயிட்டா மேல பாக்க புதுசா இருந்தாலும் மாத்திடணும்.

மும்பை மழைல எப்படிப் பாத்துக்கிறது?

பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணில கழுவி துணியால துடைச்சு நிழல்ல வைங்க. வெயில்லயோ அடுப்பு பக்கத்துலயோ கார்ல பின் சீட்லயோ வச்சா வளைஞ்சிடும். ஈர சாக்ஸோட இருக்காதீங்க, பையில ஒரு ஜோடி காட்டன் சாக்ஸ் எப்பவும் இருக்கட்டும், விரல் இடுக்குல சேத்துப்புண் வந்தா ஒரு வாரத்துக்கு எதுவும் போட முடியாது. வெல்க்ரோல முடி, தூசி சிக்கினா பழைய டூத்பிரஷ் போதும். இரும்பு ஜாயின்ட்டுக்கு ரெண்டு சொட்டு மெஷின் ஆயில். தோல் நனைஞ்சா ஃபேன் காத்துல காய விடுங்க, அயர்ன் பண்ணாதீங்க.

பொண்ணுக்கு முதுகு வளைஞ்சிருக்கு, பெல்ட் போட்டா நேராகுமா?

வளர்ற வயசுல, எக்ஸ்ரேல காப் ஆங்கிள், அதாவது முதுகு வளைவோட அளவு, 25ல இருந்து 40 டிகிரிக்குள்ள இருந்தா பிரேஸ் குடுப்பாங்க. நோக்கம் இன்னும் வளையாம நிறுத்துறது. வேலை செய்யுதான்னு சந்தேகப்படுறவங்களுக்கு, 2013ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு: பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியற வரைக்கும் வளைவு 50 டிகிரியைத் தொடலை, போடாதவங்கள்ல 48 சதவீதம். அதிகமா போட போட பலனும் அதிகம், நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல. பதிமூணு வயசுப் பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்முக்குள்ள கெட்டி பிளாஸ்டிக் போட்டுக்கிட்டு மும்பை வேர்வைல உக்காருறது சாதாரணம் இல்லைங்க. அவகிட்ட நேரா பேசுங்க, அம்மாகிட்ட மட்டும் பேசி அனுப்புற டிபார்ட்மென்ட்ல அந்தப் பிரேஸ் ஸ்கூல் பேக்லதான் இருக்கும். டிரையல் ரூம்ல லேடி ஸ்டாஃப் இருக்கணும்னு கேக்குறது உங்க உரிமை, தயங்காதீங்க.

ஆன்லைன்லயும் கடைலயும் ரெடிமேடா கிடைக்குதே, அது போதாதா?

கொஞ்ச நாளைக்கு மணிக்கட்டு பெல்ட், சுளுக்குக்கு ஆங்கிள் சப்போர்ட், இதெல்லாம் ரெடிமேட் போதும். கோணல் இருந்தா, இறுக்கம் இருந்தா, உணர்ச்சி இல்லைன்னா, குழந்தையா இருந்தா வேணவே வேணாம். எஸ், எம், எல்னு மூணு சைஸ்ல உலகத்துல இருக்கிற எல்லா காலும் அடங்காது. வாட்ஸாப்ல போட்டோ வாங்கி அளவு சொல்லி கூரியர்ல அனுப்புறவங்களும் இருக்காங்க, தொட்டுப் பாக்காம தசை இறுக்கத்தை எப்படிக் கண்டுபுடிப்பாங்கன்னு எனக்குப் புரியலை.

3டி பிரிண்டிங் வந்தா உங்க வேலை போயிடுமா?

ஸ்கேனர் வந்தாச்சு, கம்ப்யூட்டர்லயே அச்சைத் திருத்தறதும் வந்தாச்சு, பிஓபி தூசி குறையும், நல்லதுதான். ஆனா ஸ்கேன் எடுக்கும்போதும் காலை சரியான நிலைல ஒரு கை புடிச்சிருக்கணும், எங்க இறுக்கணும் எங்க விடணும்னு ஒருத்தர் முடிவு பண்ணணும்.

காசு எவ்வளவு ஆகும்? கவர்மென்ட்ல இலவசமா கிடைக்குமா?

அரசு ஆஸ்பத்திரில ரொம்ப குறைவு, தனியார்ல மெட்டீரியலையும் ஆளையும் பொறுத்து பல மடங்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி சாதனம் குடுக்கிற மத்திய அரசோட ஏடிஐபி திட்டம் 1981ல இருந்து இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனச் சான்றிதழ் இருந்து, குடும்ப மாச வருமானம் 22,500 ரூபாய்க்குள்ள இருந்தா முழுசா இலவசம், 30,000 வரைக்கும் பாதி. இந்த வரம்பை அப்பப்போ மாத்துவாங்க, போற இடத்துல ஒருவாட்டி கேட்டுக்கோங்க. யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, எடுத்து வச்சுக்கோங்க. அது நாடு முழுக்க செல்லும், மும்பைல எடுத்துட்டு ஊருக்குப் போனாலும் வேற எடுக்க வேணாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, தொழுநோய்ல இருந்து குணமானவங்களும் தசைச் சிதைவு இருக்கிறவங்களும் அதுல வர்றாங்க, பல பேருக்கு அது தெரியாது. கேம்ப்ல குடுக்கிறதை வாங்குங்க, ஆனா பொருந்தலைன்னா வீட்டு மூலைல போடாம பக்கத்துல இருக்கிற டிபார்ட்மென்ட்ல காட்டி சரி பண்ணிக்கோங்க. கேம்ப்ல குடுத்துட்டுப் போறவங்க திரும்ப வந்து பாக்குறது ரொம்ப குறைவு, இந்தத் துறைல எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் அதுதான்.

இதுக்கு என்ன படிக்கணும்? எங்க?

பிபிஓ, அதாவது ப்ராஸ்தெட்டிக்ஸ் ஆர்த்தோட்டிக்ஸ் டிகிரி. ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப், பயாலஜியோ மேத்ஸோ. 4 வருஷமும் 6 மாசம் இன்டர்ன்ஷிப்பும். மும்பைல ஹாஜி அலில இருக்கிற அகில இந்திய பிசிக்கல் மெடிசின் இன்ஸ்டிட்யூட், 1955ல ஆரம்பிச்சது. டெல்லில ஐடிஓ பக்கம் தீன்தயாள் உபாத்யாயா பேர்ல இருக்கிற தேசிய நிறுவனம், பெங்களூர்ல மொபிலிட்டி இந்தியா, நம்ம பக்கம் சென்னைகிட்ட முட்டுக்காட்டுல நிப்மெட் (பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம்), வேலூர் சிஎம்சி, ஒடிசாவுல கட்டக் பக்கம் ஒலட்பூர்லயும் கல்கத்தாவுலயும் இருக்கிற தேசிய நிறுவனங்கள். மத்திய நிறுவனங்களுக்கு பொது நுழைவுத்தேர்வு இருக்கு. முடிச்சதும் ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ணணும், 1992ல வந்த சட்டம், பதிவு இல்லாம இந்த வேலை பாக்குறது தண்டனைக்குரிய குற்றம். பேஷன்ட்டா இருந்தாலும் உங்களுக்கு அளவெடுக்கிறவர்கிட்ட அந்தப் பதிவு நம்பரைக் கேக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா வேற இடம் பாருங்க.

சம்பளத்தைப் பத்தி: மத்திய அரசு வேலைன்னா நல்லா இருக்கும், இடம் கம்மி. தனியார்ல ஆரம்பத்துல கம்மி, கை நல்லா வந்ததும் ஏறும். பத்தாம் மாசம் காரு வாங்கணும்னு வர்றவங்களுக்கு இது இல்லை. அனாட்டமியும் வேணும், ரம்பம், ரிவெட், ஓவன்னு பட்டறை வேலையும் வேணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் புடிச்சவங்க கஷ்டப்படுவாங்க. பொண்ணுங்க பண்ணலாமான்னு கேக்குறீங்க, எங்க டிபார்ட்மென்ட்ல ரவுட்டர் மெஷின்ல ஓரம் தேய்க்கிறதுல ரொம்ப சுத்தமா வர்றது ஒரு பொண்ணோட வேலைதான். மாஸ்க் மட்டும் யாரா இருந்தாலும் போடுங்க, பிஓபி தூசியும் பிளாஸ்டிக் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது.

ஹிந்தி, மராத்தி தெரியாம மும்பைல வந்து காட்ட முடியுமா?

முடியும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் தமிழ் பேசுற ஒரு நர்ஸோ வார்டு பாயோ லேப் ஆளோ கிடைச்சிடுவாங்க. ஆனா வலி எங்க, எப்படின்னு சொல்றது உங்க வாயில இருந்து வரணும், கூட வந்த பையன் அரைகுறையா மொழிபெயர்த்து "ஹான் டீக் ஹை"ன்னு சொல்லிட்டுப் போயிடக் கூடாது. புரியலைன்னா விரலால தொட்டுக் காட்டுங்க, அதை விடத் தெளிவா எதுவும் இல்லை.

முதல்வாட்டி வரும்போது என்ன கொண்டு வரணும்?

டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, பழைய ரிப்போர்ட், ஆதார், யுடிஐடி இருந்தா அதுவும். தளர்வான அரைப் பேன்ட்டோ முட்டி வரைக்கும் தூக்கிக் கட்டற மாதிரி லுங்கியோ, டைட் ஜீன்ஸ் வேணாம், கழட்டவே அரை மணி நேரம் போகும். தினமும் போடுற செருப்பையே போட்டு வாங்க, எங்களுக்காக புதுசு வாங்கிட்டு வராதீங்க, அந்தத் தேய்மானத்தைத்தான் நாங்க பாக்கணும். பழைய கேலிப்பர் எவ்வளவு உடைஞ்சிருந்தாலும் கொண்டு வாங்க, எங்க உடைஞ்சதுன்னு பாத்தா புதுசுல எங்க பலம் கூட்டணும்னு தெரியும். புண் இருந்தா மறைக்காதீங்க, புண் ஆறின பிறகுதான் அச்சு எடுப்போம், அன்னைக்கு திருப்பி அனுப்பினா கோவப்படாதீங்க. குழந்தையா இருந்தா பசியோட கூட்டிட்டு வராதீங்க, பிஸ்கட், பால், புடிச்ச பொம்மை, போன்ல புடிச்ச பாட்டு, எல்லாம் ரெடியா இருக்கட்டும், கட்டு இறுகுற வரைக்கும் அசையாம இருக்கணும்ல. லோக்கல்ல வர்றவங்க மாற்றுத்திறனாளி பெட்டில ஏறுங்க, கூட்ட நேரம் தாண்டி பதினொரு மணிக்கு மேல வந்தா போதும், ஓபிடி ரெஜிஸ்ட்ரேஷன் எத்தனை மணி வரைக்கும்னு மட்டும் முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. அளவு குடுத்துட்டுப் போகும்போது டிரையல் தேதியை சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, அந்தத் தேதிக்கு கண்டிப்பா வாங்க, வாங்கிட்டுப் போன அப்புறம் ரெண்டு வாரத்துல ஒருவாட்டியும் மூணு மாசத்துல ஒருவாட்டியும் காட்டுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னாலும்.